தூங்கும் த்ரெட்டை எழுப்புவது எப்படி?

அலுவலகத்தின் பொது சர்வரில் இருக்கும் கணக்கு ஃபைல் ஒன்றை ஒருவர் திறக்கிறார். சர்வர் அணைந்து கிடப்பது அவருக்குத் தெரியாது. திரையில் 'திறக்கிறது…' என்று ஒரு சிறு பெட்டி வருகிறது; அதன் கீழே 'ரத்து செய்' பட்டன். சற்று நேரம் பார்த்துவிட்டு அதை அழுத்துகிறார். பட்டன் மங்குகிறது, பெட்டி மட்டும் அப்படியே நிற்கிறது. கடைசியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மொத்த புரோகிராமையும் மூடுகிறார். இன்னொரு விண்டோவில் சேமிக்காமல் வைத்திருந்த வேலையும் அதோடு போய்விடுகிறது.

இந்தப் புரோகிராமை எழுதியவர் பாடப்புத்தகம் சொல்வதையெல்லாம் செய்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். ஃபைல் திறக்கும் வேலையைத் திரையைக் கவனிக்கும் மெயின் த்ரெட்டில் வைக்காமல், பின்னணியில் ஓடும் தனி த்ரெட்டிடம் கொடுத்திருக்கிறார். அதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் மவுஸ் க்ளிக், விசை அழுத்தம், திரையை மறுபடி வரைவது எல்லாமே செய்திகளாக ஒரு வரிசையில் வந்து நிற்கும். மெயின் த்ரெட் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்க வேண்டும். 5 விநாடி அது எட்டிப் பார்க்கவில்லையென்றால், விண்டோஸ் அந்த விண்டோவின் இடத்தில் வெளுத்த நகல் ஒன்றை நிறுத்தி, தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று எழுதிவிடும். ஆகவே காத்திருக்க நேரும் எந்த வேலையும் மெயின் த்ரெட்டில் இருக்கக் கூடாது. நம் புரோகிராமர் அந்த விதியை மீறவில்லை; பட்டன் அமுங்கியதே அதற்குச் சாட்சி. ஆனால் பட்டன் சொன்னது பின்னணி த்ரெட்டின் காதில் விழவில்லை.

ரத்து செய்வதற்கு இன்று பெரும்பாலான மொழிகள் சொல்லித்தரும் வழி ஒன்றுதான். நினைவகத்தில் ஒரு ஃப்ளாக் வைத்துக்கொள்வது. பட்டனை அழுத்தினால் அதை உயர்த்துவது. வேலை செய்யும் த்ரெட் அவ்வப்போது அதைப் பார்த்துவிட்டு, உயர்ந்திருந்தால் தானாகவே வேலையைச் சுருட்டிக்கொள்வது. 2005இல் டாட்நெட் 2.0 கொண்டுவந்த 'பேக்ரவுண்ட் வொர்க்கர்' இதைத்தான் செய்தது. 2010இல் டாட்நெட் 4 கொடுத்த 'கேன்சலேஷன் டோக்கன்' இதற்கே இன்னும் ஒழுங்கான உருவம். சி++ மொழியின் 2020ஆம் ஆண்டுத் தரத்தில் வந்த 'ஸ்டாப் டோக்கன்' அதன் உறவு. பெயர்கள் வேறு, உள்ளே இருப்பது வேண்டுகோள். ஆயிரம் படங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கும் த்ரெட்டுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒரு படம் முடிந்ததும் ஃப்ளாக்கைப் பார்க்கும், உயர்ந்திருந்தால் நிறுத்திவிடும்.

நம் த்ரெட் அப்படி ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஃபைலைத் திறக்கச் சொல்லிக் கர்னலைக் கூப்பிட்டது. கர்னல் அந்தக் கோரிக்கையை நெட்வொர்க் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, பதில் வரும்வரை இந்த த்ரெட்டுக்கு ப்ராசஸர் நேரம் தேவையில்லை என்று ஓடுபவர்களின் வரிசையிலிருந்தே எடுத்துவிட்டது. அந்த நிலையில் அது நம்முடைய கோடில் ஒரு வரியைக்கூட ஓட்டாது. ஃப்ளாக்கைப் பார்க்கும் வரி அடுத்த வரியாகவே இருந்தாலும், அந்த வரிக்கு வர அது முதலில் எழ வேண்டும். ஆழ்ந்து தூங்குகிறவரின் கதவில் 'உடனே கிளம்பி வா' என்று சீட்டு ஒட்டிவைப்பது போன்றதுதான் இங்கே ஃப்ளாக்கை உயர்த்துவது. யாராவது போய் எழுப்பியாக வேண்டும்.

எழுப்ப வழி தெரியாத இடத்தில் முதலில் தோன்றும் யோசனை, த்ரெட்டைக் கொன்றுவிடுவது. விண்டோஸில் அதற்கு 'டெர்மினேட்த்ரெட்' என்ற ஃபங்ஷன் ஆதியிலிருந்தே இருக்கிறது. இது ஏன் ஆபத்து என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு ப்ராசஸில் உள்ள எல்லா த்ரெட்களும் ஒரே ஹீப்பிலிருந்துதான் மெமரி எடுக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு பேர் கைவைக்காமலிருக்க அந்த ஹீப்புக்கு ஒரு லாக் உண்டு. கொல்லப்படும் த்ரெட் அந்த நொடியில் மெமரி எடுத்துக்கொண்டிருந்தால் லாக் அதன் கையில் இருக்கும். அது செத்துவிட்டது; லாக்கைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை. அடுத்து மெயின் த்ரெட் ஏதோ ஒரு சிறு எழுத்துச்சரத்துக்காக மெமரி கேட்கும், லாக்குக்காகக் காத்திருக்கும், காத்துக்கொண்டே இருக்கும். ஒரு த்ரெட்டின் தேக்கத்தைப் போக்கப் போய் மொத்த புரோகிராமும் உறைந்துவிட்டது. மோசமானது என்னவென்றால், பத்து முறைக்கு ஒன்பது முறை லாக் கையில் இருக்காது. சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக நடக்கும். வாடிக்கையாளரின் மேசையில்தான் உறையும்.

ஜாவா இதே பாடத்தை வேறு வடிவில் படித்தது. அதன் முதல் பதிப்பிலிருந்த 'த்ரெட்.ஸ்டாப்', த்ரெட்டுக்குள் ஒரு எக்ஸெப்ஷனை வீசி அதை வெளியேற்றும்; போகிறபோது அது பிடித்திருந்த லாக்குகள் விடுபடும். லாக் சிக்கிக்கொள்ளும் பிரச்சினை இல்லையே என்று தோன்றும். ஆனால் லாக் எதற்காகப் போடப்பட்டது? பாதி மாற்றிய நிலையில் இருக்கும் தரவை மற்றவர்கள் பார்க்காமலிருக்க. ஒரு கணக்கில் கழித்தாயிற்று, இன்னொன்றில் இன்னும் கூட்டவில்லை. அந்த இடத்தில் எக்ஸெப்ஷன் விழுந்தால் லாக் திறந்துகொள்ளும், அரைகுறைத் தரவு எல்லோர் கண்ணிலும் படும். உறைந்து நிற்பதாவது வெளியே தெரியும், இது தெரியாது. 1998இல் ஜாவா 1.2 வந்தபோதே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று குறித்துவிட்டார்கள். 2023இல் வந்த ஜாவா 20இல் அதை அழைத்தால் 'இந்த வசதி இல்லை' என்ற எக்ஸெப்ஷன்தான் கிடைக்கும். டாட்நெட்டின் 'த்ரெட்.அபார்ட்'டும் டாட்நெட் கோரில் இதே கதிக்கு வந்தது. அது நம் சிக்கலுக்கு ஒருபோதும் மருந்தாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கர்னலுக்குள் காத்திருக்கும் த்ரெட் டாட்நெட்டின் எல்லைக்குள் திரும்பி வந்த பிறகுதான் அபார்ட் அதைத் தொடவே முடியும். திரும்பி வராததுதானே நம் பிரச்சினை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த த்ரெட் எதற்காகக் காத்திருக்கிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று உறுதியாகச் சொல்வேன். ஏனென்றால் ஒவ்வொரு காத்திருப்புக்கும் எழுப்பும் வழி தனித்தனி. எல்லாவற்றையும் திறக்கும் ஒரே சாவி எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் கிடையாது.

நம் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும் ஒன்றுக்காகக் காத்திருந்தால் — காலியான க்யூ, டைமர், இன்னொரு த்ரெட் முடிவது — விஷயம் எளிது. விண்டோஸில் ஒரே நேரத்தில் பலவற்றுக்காகக் காத்திருக்கலாம். வரவேண்டிய பொருளோடு 'ரத்து' என்ற ஈவென்ட் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துவிட்டால், எது முதலில் வந்தாலும் த்ரெட் எழுந்துவிடும். ஜாவாவில் 'இன்டரப்ட்' இந்த வகைத் தூக்கத்தைக் கலைக்கும். ஆனால் 'சிங்க்ரனைஸ்டு' லாக்குக்காக நிற்பதை அது கலைக்காது. அதற்கென்றே கலைக்கக்கூடிய லாக் தனியாக இருக்கிறது.

நெட்வொர்க் சாக்கெட்டில் காத்திருப்பதுதான் டெஸ்க்டாப் புரோகிராம்களில் அதிகம். எதிர்முனை பதிலே சொல்லாவிட்டால் இது எவ்வளவு நீளும் என்று பாருங்கள். லினக்ஸில் நீண்ட காலம் இருந்த இயல்பு அமைப்பில், இணைப்புக் கோரிக்கைக்குப் பதில் வராவிட்டால் கர்னல் 6 முறை மறுபடி அனுப்பும். ஒவ்வொரு முறையும் காத்திருப்பு இரட்டிக்கும். 1, 2, 4, 8, 16, 32, 64 — கூட்டினால் 127 விநாடி. திரையின் முன்னால் இருப்பவருக்கு இரண்டு நிமிடம் என்பது யுகம். டைம்அவுட் வைத்தாயிற்றே என்று ரத்து வசதியை விட்டுவிடுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாக்கெட்டில் தூங்கும் த்ரெட்டை எழுப்ப பலர் செய்வது, வேறொரு த்ரெட்டிலிருந்து அந்த சாக்கெட்டை மூடிவிடுவது. ஜாவாவில் இது முறையான வழி: மூடியதும் படித்துக்கொண்டிருந்த த்ரெட்டுக்கு எக்ஸெப்ஷன் வந்து சேரும். சி மொழியில் நேரடியாக லினக்ஸோடு பேசும்போது இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். 'க்ளோஸ்' செய்தால் சாக்கெட்டைக் குறிக்கும் எண் விடுபடும், ஆனால் ஏற்கெனவே உள்ளே போய்த் தூங்கும் 'ரீட்' அந்த சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் எழாது. 'ஷட்டவுன்' செய்தால்தான் எழும். அதைவிடக் கொடிய பொறி ஒன்று இங்கே இருக்கிறது. யூனிக்ஸில் புதிதாகத் திறக்கும் எதற்கும் காலியாக இருப்பதில் மிகச் சிறிய எண் கிடைக்கும். நாம் 7 என்ற எண்ணை மூடுகிறோம். அதே கணத்தில் மூன்றாவது த்ரெட் ஒன்று பயனரின் ஆவணத்தைத் திறக்க, அதற்கு 7 போய்ச் சேர்கிறது. சாக்கெட் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பழைய த்ரெட் தன் அடுத்த 'ரைட்'டை 7இல் எழுதுகிறது. சர்வருக்குப் போக வேண்டிய பைட்டுகள் ஆவணத்துக்குள் போய் விழுகின்றன. மூடும் உரிமை எப்போதும் பயன்படுத்தும் த்ரெட்டுக்கே இருக்க வேண்டும், மற்றவர்கள் எழுப்ப மட்டுமே செய்யலாம் என்று அனுபவசாலிகள் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அப்படி எழுப்புவதற்கு யூனிக்ஸ் உலகில் ஒரு பழைய, அழகான உத்தி உண்டு. டி. ஜே. பெர்ன்ஸ்டீன் பரப்பிய 'செல்ஃப் பைப்'. த்ரெட் நேரடியாகப் படிக்கப் போகாது. 'போல்' என்ற அழைப்பில் சாக்கெட்டையும் தானே திறந்து வைத்த பைப்பின் ஒரு முனையையும் சேர்த்துக் கவனிக்கும். ரத்து செய்ய விரும்புகிறவர் பைப்பின் மறுமுனையில் ஒரு பைட் எழுதினால் போதும். அந்த பைட் முன்கூட்டியே வந்துவிட்டாலும் தொலையாது. த்ரெட் 'போல்' செய்யும்போது அது அங்கேயே காத்திருக்கும். சிக்னல் அனுப்பி எழுப்பும் முறையில் இந்த உத்தரவாதம் இல்லை. ஃப்ளாக்கைப் பார்த்துவிட்டு 'ரீட்'டுக்குள் நுழையும் அந்த நூலிழை இடைவெளியில் சிக்னல் வந்துபோனால், த்ரெட் அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கப் போய்விடும். லினக்ஸில் 2007இல் வந்த 'ஈவென்ட்எஃப்டி' இதே பைப் உத்தியை இன்னும் சிக்கனமாகச் செய்கிறது.

இனி நம் கணக்கு ஃபைலுக்கு வருவோம். ஃபைல் திறப்பதை 'போல்' செய்ய முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி காலம்வரை திறக்கும் அழைப்பு உள்ளே சிக்கினால் வெளியிலிருந்து எடுக்க வழியே இல்லை. 'கேன்சல்ஐஓ' என்று ஒன்று இருந்தது. ஆனால் அது தன்னை அழைக்கும் த்ரெட் தொடங்கிய கோரிக்கைகளை மட்டுமே ரத்து செய்யும். சிக்கிக்கிடக்கும் த்ரெட் தன்னை விடுவிக்கத் தானே எப்படி அழைக்கும்? விண்டோஸ் விஸ்டாவில்தான் இதற்கு விடிவு வந்தது. விஸ்டாவைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆனால் அதன் கர்னலில் நடந்த இந்த வேலைக்கு டெஸ்க்டாப் புரோகிராமர்கள் நன்றி சொல்ல வேண்டும். அதில் வந்த 'கேன்சல்சிங்க்ரனஸ்ஐஓ' ஒரு த்ரெட்டின் ஹேண்டிலைக் கேட்கும். அந்த த்ரெட் இப்போது சிக்கியிருக்கும் ஐஓ கோரிக்கையை ரத்து செய்யும்படி டிரைவருக்குச் சொல்லும். டிரைவர் ஒத்துழைத்தால், தூங்கிய த்ரெட் 995 என்ற பிழை எண்ணோடு எழும். 'செயல் கைவிடப்பட்டது' என்று பொருள்.

இதைச் சரியாகப் பயன்படுத்துவது நுணுக்கமான வேலை. பட்டனை அழுத்தும் நொடியில் த்ரெட் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்னும் திறக்கும் அழைப்புக்குள் நுழையாமலிருக்கலாம். அப்போது ரத்து செய்ய எதுவும் இல்லை என்று 1168 திரும்பி வரும். அடுத்த நொடி த்ரெட் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். ஆகவே ஒருமுறை அழைத்தால் போதாது. முதலில் ஃப்ளாக்கை உயர்த்தி, பிறகு த்ரெட் 'வெளியே வந்துவிட்டேன்' என்று அறிவிக்கும்வரை சிறு இடைவெளி விட்டுவிட்டு மறுபடி மறுபடி அழைக்க வேண்டும். இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. ஃபைல் அப்போதுதான் திறந்துவிட்டது; த்ரெட் அடுத்த வேலையாக நிகழ்வுப் பதிவு ஃபைலில் ஒரு வரி எழுதிக்கொண்டிருக்கிறது. ரத்து அந்த எழுத்தின் மேல் போய் விழும். இந்த ஃபங்ஷன் ஒரு த்ரெட்டைச் சுட்டுகிறதே தவிர ஒரு குறிப்பிட்ட கோரிக்கையைச் சுட்டுவதில்லை. அதனால் 'இங்கிருந்து இதுவரை ரத்து செய்யலாம்' என்று த்ரெட் ஒரு பகுதியை அடையாளமிட்டு, அதற்கு வெளியே இருக்கும்போது யாரும் அதைத் தொடாதபடி ஒரு லாக்கால் காப்பது நல்லது.

கோரிக்கையையே குறிவைக்க வேண்டுமானால் ஒத்திசைவற்ற ஐஓவுக்கு மாறி, விஸ்டாவிலேயே வந்த 'கேன்சல்ஐஓஇஎக்ஸ்' பயன்படுத்தலாம். அங்கே த்ரெட் தூங்குவதே இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: ரத்து செய்யச் சொல்லியாயிற்று என்பதற்காகப் படிக்கக் கொடுத்த பஃபரை உடனே விடுவித்துவிடக் கூடாது. கோரிக்கை முடிந்தது என்ற அறிவிப்பு வரும்வரை அந்த பஃபர் கர்னலுடையது. அதற்குள் விடுவித்தால், தாமதமாக வரும் தரவு யாருக்கோ ஒதுக்கிய மெமரியில் எழுதப்படும். ரத்து என்பதும் ஒரு கோரிக்கைதான். அதற்கும் முடிவு என்று ஒன்று வர வேண்டும்.

டேட்டாபேஸில் காத்திருக்கும்போது வேலை நடப்பது வேறு மெஷினில். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இதற்குத் தனி இணைப்பு வைத்திருக்கிறது: முதலில் இணையும்போது சர்வர் ஒரு ப்ராசஸ் எண்ணையும் ரகசிய எண்ணையும் தரும், ரத்து செய்ய இன்னொரு இணைப்பைத் திறந்து அந்த இரண்டையும் அனுப்ப வேண்டும். அதற்குப் பதில் எதுவும் வராது. கேள்வி ரத்தானதா இல்லையா என்பது பழைய இணைப்பில்தான் தெரியும். டெஸ்க்டாப்பில் அதிகம் புழங்கும் எஸ்க்யூலைட்டில் இன்னும் எளிது: எந்த த்ரெட்டிலிருந்தும் 'இன்டரப்ட்' அழைக்கலாம். ட்ரான்சாக்ஷனுக்குள் எழுதிக்கொண்டிருக்கும்போது அது விழுந்தால், அந்த ஒரு வரி மட்டுமல்லாமல் முழு ட்ரான்சாக்ஷனும் பின்வாங்கப்படும் என்பதை அறிந்தே அழைக்க வேண்டும்.

எழுப்பவே முடியாத தூக்கமும் உண்டு. சர்வர் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் வழக்கமான அழைப்புக்குப் பல சிஸ்டங்களில் ரத்து கிடையாது. விண்டோஸில் 8ஆம் பதிப்பில்தான் அதற்குத் தனி ஃபங்ஷன் வந்தது. லினக்ஸில் 'டி' நிலையில் தூங்கும் ப்ராசஸை எந்த சிக்னலும் தொடாது. நெட்வொர்க் ஃபைல் சிஸ்டத்தின் சர்வர் போய்விட்டால் 'கில் -9' கொடுத்தும் பயனில்லாமல் ரீபூட் செய்தவர்கள் ஏராளம். 2008இல் வந்த 2.6.25 கர்னல், கொல்லும் சிக்னலுக்கு மட்டும் எழும் தூக்க நிலை ஒன்றைச் சேர்த்து இந்தத் துயரைக் குறைத்தது. இவற்றோடு, சோர்ஸ் கோட் இல்லாமல் வாங்கிய ஏதோ ஒரு லைப்ரரி, ஒரு பிரின்டர் டிரைவர், ஒரு ஸ்கேனர்.

இப்படிப்பட்டவற்றுக்கு நேர்மையான வழி இரண்டு. ஒன்று, த்ரெட்டை அதன்பாட்டுக்கு விட்டுவிட்டுப் பயனரை விடுவிப்பது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, பழைய எண்ணோடு தாமதமாக வரும் விடையைத் திரை ஏற்காமல் தள்ளிவிட வேண்டும். இப்படிக் கைவிட்ட த்ரெட் எந்த லாக்கையும் பிடித்திருக்கக் கூடாது. எத்தனை பேரைக் கைவிடலாம் என்பதற்கும் ஒரு வரம்பு வேண்டும், இல்லையென்றால் பொறுமையிழந்த பயனர் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு த்ரெட் சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது வழி, நம்பமுடியாத வேலையைத் தனி ப்ராசஸில் வைப்பது. ஒரு ப்ராசஸை முடித்தால் அதன் மெமரி, லாக், ஹேண்டில் எல்லாவற்றையும் ஆபரேட்டிங் சிஸ்டமே துடைத்துவிடும். த்ரெட்டைக் கொல்வதில் இருந்த விஷம் இதில் இல்லை. எழுதுவதற்குச் சற்று உழைப்பு அதிகம். மூன்றாம் தரப்பு டிரைவர்களோடு பேசும் புரோகிராமுக்கு இந்த உழைப்பு வீண்போகாது என்பதே என் எண்ணம்.

திரைப் பக்கத்திலும் ஒரு படுகுழி இருக்கிறது. நல்ல புரோகிராமர்களே அதில் விழுகிறார்கள். பட்டனை அழுத்தியதும் மெயின் த்ரெட் ஃப்ளாக்கை உயர்த்திவிட்டு, பின்னணி த்ரெட் முடியட்டும் என்று 'ஜாயின்' போட்டு நிற்கிறது. பின்னணி த்ரெட்டோ, 'ரத்தாகிவிட்டது' என்று திரையில் காட்டச் சொல்லி மெயின் த்ரெட்டை 'இன்வோக்' செய்து, அது முடியும்வரை நிற்கிறது. ஒருவர் மற்றவருக்காக, இருவரும் என்றென்றைக்கும். மெயின் த்ரெட் எதற்காகவும் நின்று காத்திருக்கக் கூடாது என்ற விதி ரத்து செய்யும்போதும் மாறுவதில்லை. முடிவைச் செய்தியாக அனுப்பிவிட்டு நகரும் 'பிகின்இன்வோக்' இதற்காகவே இருக்கிறது. திரையும் உண்மையைச் சொல்ல வேண்டும். அழுத்தியவுடன் 'ரத்து செய்யப்படுகிறது' என்று காட்டலாம். 'ரத்தாகிவிட்டது' என்பது த்ரெட் சொன்ன பிறகு. இடையில் வேலை முடிந்தே போயிருந்தால் 'முடிந்துவிட்டது' என்றுதான் காட்ட வேண்டும்.

சர்வரில் ஃபைலை எழுதும்போது ரத்து செய்தால் பாதி ஃபைல் அங்கே கிடக்கும். அதைத் தவிர்க்க, தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் முடிந்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுவார்கள். ரத்தானால் தற்காலிக ஃபைலை அழித்துவிடலாம். அழிப்பதும் அதே சர்வரிடம் போகும் கோரிக்கைதான். சர்வர் செத்துக் கிடந்தால் அதுவும் சிக்கிக்கொள்ளும். எனவே ரத்துக்குப் பின்னான துப்புரவைப் பயனர் காத்திருக்கும் பாதையில் வைக்கக் கூடாது. எந்தத் தற்காலிக ஃபைல் எங்கே மிஞ்சியது என்று உள்ளூர் டிஸ்க்கில் குறித்துவைத்து, அடுத்த முறை அந்த சர்வர் பதில் சொல்லும்போது பின்னணியில் அழித்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கும் ஒரு டைம்அவுட்டும் எழுப்பும் வழியும் வைக்க வேண்டும்.